46 வயதில் நெற்றியில் முடி வெட்டிவிடலாமா?

தாராளமாக வெட்டலாம், வயது தடையே இல்லை. வெட்டிய முடி நெற்றியில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது, இந்த வயதுக்குப் பொருந்தவில்லை போல என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அடர்த்திதான் காரணம் என்று படுகிறது. நாற்பதுகளில் பலருக்கு முடியின் ஒவ்வொரு இழையும் மெலிகிறது. நெற்றியை மறைக்கும்படி நேர்கோட்டில் கனமாக வெட்டும் ஃப்ரிஞ்சுக்கு (முன்முடிக்கு) அந்த அடர்த்தி போதாது.

தலைக்குக் குளித்ததும் முன்முடியைச் சீவாமல் காயவிட்டுப் பாருங்கள். அதே இடத்தில் தானாகப் பிரிந்தால் அங்கே சுழி இருக்கலாம். அப்படியென்றால் பக்கவாட்டில் சரியும்படி, கன்ன எலும்பு வரை நீளம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். சுருள்முடியா? காய்ந்த பிறகே வெட்டட்டும். ஈரத்தில் அளந்தால் அப்புறம் மேலே ஏறிவிடும்.

வகிடு சில மாதங்களிலேயே அகன்றிருந்தால் மட்டும், முதலில் மருத்துவரைப் பார்த்து இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள்.