கூகுளில் முதலிடத்துக்கு மாதம் 2,000 ரிங்கிட் கட்டலாமா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் பித்தளை விளக்கு, பூஜைச் சாமான் கடை நடத்துகிறோம். சொந்தமாக இணையக் கடையும் திறந்தோம். ஷாப்பி இணையச் சந்தையில் ஓடுகிற அளவுக்கு அதில் வியாபாரம் இல்லை. மாதம் 2,000 ரிங்கிட், ஓராண்டு ஒப்பந்தம், கூகுளில் முதலிடம் நிச்சயம் என்கிறது ஒரு நிறுவனம். கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துக் கட்டலாமா?
– ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: வேண்டாம் சகோதரி. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படி உறுதி தருகிறவரிடம் பேரம் பேசவே வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு ஆர்டரில் எல்லாச் செலவும் போக 25 ரிங்கிட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரிங்கிட்டை மீட்க மாதம் 80 ஆர்டர் கூடுதலாக வர வேண்டும். பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் கூகுள் சொன்னதுதான். நாலு மாதத்திலேயே 8,000 ரிங்கிட் போயிருக்கும். அதுவும் 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு தந்த இபிஎஃப் பணத்திலிருந்து!

செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று தட்டி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டுத் தேடுங்கள். ஒன்றுமே வரவில்லையா? கடையைக் கட்டும்போது தேடுபொறிக்குப் போட்ட தடையை யாரோ எடுக்க மறந்திருக்கலாம். நான் பார்க்கிற சின்னக் கடைகளில் இது சகஜம். அப்புறம் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் தளத்தைச் சேர்த்து, உங்கள் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். எந்தச் சொல்லைத் தேடுகிறவர்களுக்கு உங்கள் கடை தெரிகிறது என்று அதில் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான்.

அடுத்தது பொருள் பக்கங்கள். இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும். 'பிவி-014' என்று சரக்கு எண்ணையே தலைப்பாக வைத்தால் யார் தேடி வருவார்கள்? 'பித்தளைக் குத்துவிளக்கு, 12 அங்குலம்' என்று எழுதுங்கள். நம் ஆட்கள் குத்துவிளக்கை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். மலாயில் பெலித்தா என்றும் தேடுவார்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் எப்படிக் கேட்கிறாரோ அதே எழுத்துக்கூட்டலைப் பக்கத்தில் சேருங்கள். மொத்த வியாபாரி கொடுத்த விவரத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அதையே பத்துக் கடை ஒட்டியிருந்தால், கூகுள் உங்கள் பக்கத்தைத்தான் காட்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. எடை, உயரம், எத்தனை முகம், எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?

எல்லாப் பொருளையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம். அதிக லாபம் நிற்கிற 20 பொருளில் தொடங்குங்கள். தீபாவளிப் பக்கத்தை ஜூனிலேயே ஏற்றிவிடுங்கள்; பண்டிகை முடிந்ததும் அழிக்காமல், அடுத்த வருடமும் அதே முகவரியில் புதுப்பியுங்கள். நேரடிக் கடையும் இருப்பதால் கூகுள் வரைபடத்தில் கடை நேரம், படங்கள் சரியாக இருக்கட்டும்.

ஷாப்பியை இப்போதைக்கு விடாதீர்கள். வாடகையும் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது.

இத்தனையும் செய்து சில மாதம் கழித்தும் தளத்தின் வேகமோ அமைப்போ இடித்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் விலை பேசி ஆள் வையுங்கள், மாதச் சந்தா வேண்டாம். யாரை வைத்தாலும் சர்ச் கன்சோலின் உரிமையாளர் கணக்கு உங்கள் ஜிமெயிலிலேயே இருக்கட்டும். அவருக்குப் பயனர் அனுமதி கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.