ஒப்பந்தம் கைமாறும் வரை எல்லாம் பேச்சுதான்

கேள்வி: லண்டனின் ஹாரோவில் 12 ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கிங்ஹாம்ஷயரின் சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட பழைய காட்டேஜ் ஒன்று 480,000 பவுண்டுக்கு வந்திருக்கிறது. பாரம்பரியக் கட்டடமென்று சட்டம் பாதுகாக்கும் கிரேடு 2 பட்டியலில் உள்ள கட்டடம். பின்பக்க ஜன்னல்களை மட்டும் பிளாஸ்டிக் சட்டங்களாக மாற்றியிருக்கிறார்கள். வேறொருவரும் கேட்கிறார், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார். முதல் வீடு என்பதால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது யாழ்ப்பாணத்து வீடு என் பெயருக்கு வந்தது. வேறு சொத்து இல்லை. வாங்கலாமா?

பதில்: கடைசியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்த யாழ்ப்பாணத்து வீடு, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுதான் உங்கள் கணக்கையே புரட்டிப் போடப் போகிறது.

முதல் வீடு வாங்குவோருக்கு 300,000 பவுண்ட் வரை தீர்வை இல்லை. அதற்கு மேல் 500,000 வரை 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் நீங்கள் கட்ட வேண்டியது 9,000 பவுண்ட். ஆனால் இந்தச் சலுகை, உலகத்தில் எங்குமே எப்போதுமே வீடு சொந்தமாக இருந்திராதவர்களுக்கு மட்டும்தான். விலை கொடுத்து வாங்கிய வீடா, பெற்றோர் வழி வந்த வீடா என்று சட்டம் வேறுபடுத்துவதில்லை. ஆகவே சலுகை போய்விட்டது. சாதாரண விகிதத்தில் 14,000 பவுண்ட் ஆகிறது.

அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டு வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், இந்தக் காட்டேஜ் இரண்டாவது வீடாகக் கருதப்படும். 2024 அக்டோபர் 31 முதல் அதற்குக் கூடுதல் தீர்வை, முழு விலையில் 5 சதவீதம். இன்னொரு 24,000. மொத்தம் 38,000 பவுண்ட்! வீட்டைக் கணவர் அல்லது மனைவி பெயரில் மட்டும் வாங்கினாலும் இந்தக் கூடுதல் தொகை விடாது. சேர்ந்து வாழும் தம்பதியை ஒருவராகவே கணக்கில் எடுப்பார்கள்.

உடன்பிறந்தோருக்கும் அந்த வீட்டில் பங்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பங்குக்கு மட்டும், ஊரில் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்புச் சான்று வாங்குங்கள். அது 40,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் கூடுதல் தீர்வை இல்லை. இங்கு வீடு கைக்கு வரும் நாளுக்கு முன் அங்குள்ளதை விற்றுவிட்டாலும் இல்லை. ஆனால் அப்பாவின் வீட்டை வரிக்காக விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உங்கள் குடும்பம் கூடிப் பேச வேண்டிய விஷயம். எதைச் செய்தாலும், வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் மறைக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஜன்னல். பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்குக் கவுன்சிலின் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம். பட்டியலில் இருப்பது முன்பக்கம் மட்டுமல்ல, கட்டடம் முழுவதும், உள்பக்கமும் சேர்த்து. மாற்றியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். பழையபடி மரச் சட்டம் வை என்ற உத்தரவோ புதிய உரிமையாளருக்கு வரும். இத்தனை ஆண்டு போனால் தப்பித்தோம் என்ற காலவரம்பும் கிடையாது. எனவே அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால், மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள் அல்லது அந்தச் செலவை விலையில் குறையுங்கள். இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு காப்பீடு எடுத்துத் தருகிறோம் என்று விற்பவர் தரப்பு சொல்லக்கூடும். அது பணச் செலவை ஈடுகட்டலாம். ஜன்னலைச் சட்டப்படி சரியாக்காது. இன்னொன்று: சொலிசிட்டரைக் கேட்காமல் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசியில் பேசிவிடாதீர்கள். அப்படிப் பேசிவிட்டால் அந்தக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காமல் போய்விடும்.

இனி திங்கட்கிழமை. ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். அந்த அவசரம் அவருடையது, உங்களுடையதல்ல. இங்கிலாந்தில் நீங்கள் விலை சொல்லி விற்பவர் ஒப்புக்கொண்டாலும், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வரை இருவரையுமே அது கட்டுப்படுத்தாது. வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம் கட்டும் அந்த நாள் வரை நீங்கள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதன் பிறகு விலகினால் முன்பணம் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி அத்தனையையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிடித்திருந்தால் திங்களன்று விலை சொல்லுங்கள், தவறில்லை. வீட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொல்லுங்கள். ஆனால் அதே சுதந்திரம் விற்பவருக்கும் உண்டு. அதிக விலை வந்தால் அவர் உங்களைக் கைவிடலாம், வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயின் செலவு உங்கள் தலையில் விழும். வேதனையான ஏற்பாடுதான், ஆனால் இன்றைய நடைமுறை அதுவே.

கேள்வி: அதே கிராமத்தில் ஆற்றுக்கு அருகே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கடன் கொடுக்கும் வங்கியே ஆள் அனுப்பி மதிப்பிட்டுவிட்டது. தனியாக சர்வே தேவையா?

பதில்: தேவை. வங்கியின் மதிப்பீடு, வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பது. உங்கள் கூரையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சில சமயம் ஆள் வீட்டுக்குள் வராமலே முடித்துவிடுவார்கள். பழைய வீடென்றால், சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பான ரிக்ஸின் உறுப்பினரிடம் லெவல் 3 சர்வே, அதாவது மிக விரிவான சோதனை, கேளுங்கள். இந்தக் கிராமம் இருக்கும் சில்டர்ன் பகுதியின் பழைய சுவர்கள் செங்கலும் தீக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்தவை, ஈரத்தை வெளியேவிட்டு மூச்சுவிடுபவை. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். பழைய கட்டடம் தெரிந்த சர்வேயர் இதைத்தான் முதலில் தேடுவார்.

நீங்கள் சொல்லும் ஆறு மிஸ்பர்ன், சுண்ணப்பாறை நிலத்தில் ஓடுவது. கோடையில் சில இடங்களில் வற்றிக்கிடக்கும். அந்தக் காட்சியைப் பார்த்து ஏமாற வேண்டாம். மழை மிகுந்த குளிர்காலத்துக்குப் பின் நிலத்தடி நீர் மெல்ல ஏறி, கரை உடையாமலே தரைக்கு மேல் வரக்கூடிய நிலம் அது. அரசின் வெள்ள அபாய இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து இலவசமாகப் பாருங்கள். நிலத்தடி நீருக்கான குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு வீட்டுக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள், அதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே.

கேள்வி: லண்டன் வேலையை விடாமல் இந்தக் கிராமத்தில் வாழ முடியுமா? மகளுக்கு எட்டு வயது.

பதில்: முடியும், ஆனால் கார் வேண்டும். ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. மெட்ரோபாலிடன் ரயிலுக்கு லிட்டில் சால்ஃபான்டில் உள்ள சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்துக்குப் போக வேண்டும். லண்டன் ரயில் கட்டணக் கணக்கில் அது 8ஆம் மண்டலம். கொள்ளைநோய்க்கு அஞ்சி 1665இல் லண்டனிலிருந்து இந்த ஊருக்கு வந்த கவிஞர் மில்டன் தங்கிய வீடு இன்றும் இருக்கிறது. அவர் தினமும் லண்டன் போய்வர வேண்டியிருக்கவில்லை. நீங்கள் போக வேண்டும். மழை பெய்யும் ஒரு வாரநாள் காலை, அலுவலகம் போகும் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பார்த்த கிராமமாக அது இருக்காது.

தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளான கிராமர் பள்ளிகள் பக்கிங்ஹாம்ஷயரில் இன்னும் உண்டு. ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில், செப்டம்பரில், நுழைவுத் தேர்வு. எட்டு வயது என்றால் விசாரிக்க இதுவே சரியான நேரம். தேர்வில் தேறினாலும் வீட்டு முகவரியைப் பார்த்தே பல பள்ளிகள் இடம் தருகின்றன. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பதைப் பள்ளியின் சேர்க்கை விதியிலேயே படியுங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: கிராமத்து ஓரத்தில் புதிய குடியிருப்பு. ஃப்ரீஹோல்ட், அதாவது நிலமும் சேர்த்து முழுச் சொந்தம் என்கிறார்கள், ஆனால் ஆண்டுக் கட்டணம் இருக்கிறதாமே?

பதில்: சாலையையும் புல்வெளியையும் கவுன்சில் ஏற்றுக்கொள்ளாமல் ஒரு நிர்வாக நிறுவனம் பராமரிக்கும் இடங்களில் இப்படி வரும். கவுன்சில் டாக்ஸையும் முழுதாகக் கட்டி, இதையும் கட்ட வேண்டும். சாலையைக் கவுன்சில் எப்போது ஏற்கும், கட்டணம் உயர உச்சவரம்பு உண்டா, விற்கும்போது நிர்வாக நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்க எவ்வளவு: மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.