மகள் கண்ணாடி வெட்டுகிறாள், அம்மாவுக்குத் தூக்கமில்லை

வணக்கம் அம்மா. பத்தாம் வகுப்போடு வரைவதை விட்டவள், ஐ.டி. வேலையில் ஐந்து வருஷம் ஓட்டியவள், இப்போது சனி ஞாயிறானால் கலர் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாள், வேலையை விட்டுவிடுவாளோ என்று எழுதியிருந்தீர்கள். வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அவள் மேஜையைப் பாருங்கள்.

கலர் கண்ணாடித் துண்டுகளை இணைத்துப் படமாக்கும் இந்த ஸ்டெயின்ட் கிளாஸ் கலை காகிதத்தில்தான் தொடங்குகிறது. முழு அளவில் படம் வரைந்து, துண்டுகளுக்கு நம்பர் போட்டு, கண்ணாடியை அதன்படி வெட்டி, விளிம்புகளில் காப்பர் ஃபாயில் என்ற மெல்லிய செம்புப் பட்டையைச் சுற்றி, சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கி இணைக்க வேண்டும். இரண்டு துண்டு சேரும் இடமெல்லாம் கோடாகத் தெரியும். ஆகவே எந்தக் கோடு இருக்க வேண்டும் என்பதை முன்னாடியே முடிவு செய்தாக வேண்டும். 'ட' மாதிரி உள்ளே மடங்கும் மூலையைக் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது, விரிசல் விட்டுவிடும். பென்சில் பிடிக்கும்போதே இதையெல்லாம் யோசிக்கிற பெண், தன்னை அறியாமல் மறுபடி ஓவியம் பழகிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைத்தாளைக் கண்டால் கை நின்றுபோகிறவர்களுக்கு, நிறம் கண்ணாடியிலேயே இருப்பது பெரிய தைரியம்.

வயதாகிவிட்டதே என்கிறீர்கள். ஆயுள் முழுக்க ஓவியராக இருந்த மார்க் ஷகாலே கண்ணாடிக்கு வந்தது எழுபதை ஒட்டித்தான். ஜெருசலேமில் ஒரு மருத்துவமனையின் யூத ஜெப ஆலயத்துக்கு அவர் செய்த 12 ஜன்னல்கள் 1962-ல் திறக்கப்பட்டன.

சரி, வேலை. இப்போது விட வேண்டாம். ஒரு வருஷத்தில் மூன்று பேனல், அதாவது இணைத்து முடித்த கண்ணாடிப் படங்கள், முடிக்கட்டும்; இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன் ஒன்றுக்கு மேல் கூடாது, மற்ற இரண்டும் அவளே வரைந்ததாக இருக்கட்டும். வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: கடைகளில் ஸ்டெயின்ட் கிளாஸ் என்ற பெயரில் விற்பதில் நிறைய வெறும் பெயிண்ட் அல்லது ஸ்டிக்கர். வாரக்கணக்கில் கையால் செய்யும் பேனல் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது. பூஜை அறைக் கதவு, மாடிப்படி ஜன்னல் என்று கட்டடக் கலைஞர்கள் மூலம் ஆர்டர் பிடித்தால்தான் உண்டு.

முறையாகப் படிக்க விரும்பினால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பீங்கான், கண்ணாடி வடிவமைப்புக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நான்கு வருடப் பொறியியல் பட்டத்தோடு நுழைவுத் தேர்வு எழுதலாம். வயது வரம்பை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்விலும் வரையச் சொல்வார்கள்.

ஒரு கண்டிப்பு. சால்டரில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கண்ணாடி வெட்டக் கூடாது.

ஒரு ஞாயிறு அவளோடு புதுச்சேரி இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போய்வாருங்கள். வெளியே நின்றால் அங்குள்ள ஸ்டெயின்ட் கிளாஸ் ஜன்னல்கள் கருப்பாகத்தான் தெரியும், உள்ளே போய் நின்று பாருங்கள்.

அடுத்த முறை என்னிடம் வரும்போது பேனலைத் தூக்கி வர வேண்டாம், வழியில் உடையும். அதற்கு முன் போட்ட பென்சில் படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அழித்ததும் கிழித்ததும் உட்பட.