தையல் டீச்சர் பதில்கள்: கடைக்குப் போகுமுன் முழங்கையை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: டீச்சர், மிஷின் வாங்கியதிலிருந்து துணியைத் தரையில் விரித்துத்தான் வெட்டுகிறேன். ஒரு சட்டைக்கு வெட்டி எழுவதற்குள் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு மாறினேன். முழங்கால் வலி போய்விட்டது, இடுப்பு வலி போகவில்லை. வெட்டுவதற்கென்றே ஒரு மேஜை வாங்கலாமா? என்ன அளவில்? வீடு சின்னது.

பதில்: உங்கள் இடுப்பு வலிக்குக் காரணம் அந்த மேஜையின் உயரம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்தது. 29, 30 இன்ச்தான் இருக்கும். நின்று வெட்டுகிறவருக்கு அது பள்ளம். கத்தரியை ஓட்டும்போதெல்லாம் குனிந்தே நிற்கிறீர்கள்.

உங்களுக்கு என்ன உயரம் வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். வீட்டில் செருப்புப் போட்டு நடப்பவர் என்றால் செருப்போடு, இல்லையென்றால் வெறுங்காலோடு, நிமிர்ந்து நின்று கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதில் 4 முதல் 6 இன்ச் கழித்தால் வருவதுதான் உங்கள் மேஜை. முழங்கை 40 இன்ச்சில் இருந்தால் மேஜை 34லிருந்து 36க்குள் இருக்கட்டும். உயரம் கூடினாலும் கஷ்டம்தான். வகுப்பில் குள்ளமான பெண்கள் உயரமான மேஜையில் வெட்டும்போது பார்க்கிறேனே, தோள் இரண்டும் காதைத் தொடப் போகும். சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்பார்கள். முதுகு வளைந்தால் மேஜை தாழ்வு, தோள் ஏறினால் மேஜை உயரம். அவ்வளவுதான் கணக்கு.

இடமில்லை என்கிறீர்கள். அப்படியானால் புது மேஜைக்கு முன்னால், இருக்கிற சாப்பாட்டு மேஜையையே உயர்த்திப் பாருங்கள். மேஜைக் கால் உள்ளே இறங்கி உட்காரும்படி குழி வைத்த கட்டைகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். வெறும் செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். வெட்டும்போது நாம் உடம்பை மேஜை மேல் சாய்க்கிறோம். கால் நழுவினால் மேஜையோடு நாமும்தான்.

அடுத்தது அகலம். கடையில் கிடைக்கும் துணி பெரும்பாலும் 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்), இல்லையென்றால் 58, 60. இரண்டாக மடித்தால் 22, 30. ஆகவே 30 இன்ச் அகலம் இல்லாத மேஜையைத் தொடவே வேண்டாம். 36 இருந்தால் சௌகரியம்தான், ஆனால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தக் கடைசி ஓரத்துக்குக் கை எட்டாது, மறுபடி இடுப்புதான் வளையும். நீளவாட்டில் இரண்டு பக்கமும் நீங்கள் போய் நிற்க முடிய வேண்டும். துணியைத் திருப்பாமல் நீங்கள் சுற்றிப் போய் வெட்டினால்தான் துணிமேல் ஊசி குத்திய பேட்டர்ன், அதாவது அளவுக் காகிதம், நகராமல் இருக்கும்.

நீளத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குழந்தை உடுப்புக்கும் சட்டைக்கும் 4 அடி போதும். பேன்ட், கவுன் என்றால் 6 அடி வேண்டும். துணி மேஜையைத் தாண்டித் தொங்கினால் என்ன ஆகும் தெரியுமா? தொங்கும் பகுதியின் கனம், மேலே இருப்பதை இழுக்கும். நூலோட்டம், அதாவது துணியில் நூல் ஓடும் திசை, கோணலாகும். நெருக்கமாக நெய்த காட்டனில் அவ்வளவாகத் தெரியாது. பின்னல் துணியிலும், நூலுக்குச் சாய்வாக வெட்டும் குறுக்கு வெட்டிலும் கண்கூடாகத் தெரியும்: இழுபட்ட நிலையில் வெட்டியிருப்பீர்கள், கையில் எடுத்ததும் துண்டு சுருங்கிக் கொள்ளும், பக்கத் தையல் இரண்டும் ஒரே நீளத்தில் வராது. பிறகு மிஷின் சரியில்லை என்று அதைத் திட்டுவோம். மேஜை 4 அடிதான் என்றால், மிச்சத் துணியைத் தொங்கவிடாமல் மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேஜை உயரத்துக்கே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வையுங்கள்.

மேற்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும். ஒரு ஷிஃபான் துண்டை எடுத்து மேஜையின் நான்கு ஓரத்திலும் இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மைக்கா ஒட்டிய மேஜையில் சாட்டின், பட்டு இரண்டும் வழுக்கும். அவற்றுக்கு மட்டும் அடியில் ஒரு பழைய காட்டன் விரிப்பு போடுங்கள். அந்த மைக்கா மேலேயே இஸ்திரி போடாதீர்கள், பசை இளகி உப்பிக்கொள்ளும்.

இன்னொன்று. வெட்டும்போது துணி மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மேஜையைக் குறை சொல்ல முடியாது. நேர்ப்பிடிக் கத்தரி துணியைத் தூக்கத்தான் செய்யும். பிடி வளைந்த தையல் கத்தரியாக வாங்குங்கள். அதன் கீழ் அலகு மேஜையில் படிந்தபடியே போகும். கையில் காசு குறைவு என்றால் முதலில் கத்தரி, அப்புறம் மேஜை என்பேன்.

கேள்வி: மடக்கு மேஜை வாங்கலாமா? இல்லை, உபயோகமில்லாமல் கிடக்கும் ஒரு ஃப்ளஷ் கதவை இரண்டு அலமாரி மேல் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: எனக்குக் கதவுதான் பிடிக்கும். 6 அடிக்கு மேல் நீளம், அகலமும் கச்சிதம், கனமாக இருப்பதால் அசையாது. அலமாரி இரண்டும் ஒரே உயரமா, உங்கள் முழங்கைக் கணக்குக்குச் சரியா என்று மட்டும் பாருங்கள். கதவு முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் முறுக்கில்லை. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ அந்தக் கதவு வேண்டாம்.

மடக்கு மேஜை என்றால் கடையில் அதை மேலிருந்து அழுத்திப் பார்க்காதீர்கள், எந்த மேஜையும் அதைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், கத்தரி தள்ளுவது அப்படித்தான். சக்கரம் வைத்தது என்றால் நான்கிலும் பூட்டு இருக்க வேண்டும். நடுவில் மடிப்புக் கோடு உள்ளவற்றில் துணி அந்தப் பள்ளத்தில் அமுங்கி வெட்டு பிசகும். ஒரு பிளைவுட் பலகையை மேலே போட்டால் தீர்ந்தது.

கேள்வி: உருளும் வட்ட பிளேடு வைத்த ரோட்டரி கட்டர் வாங்கியிருக்கிறேன். மேஜைக்குக் கண்ணாடி போட்டால் மேஜையில் கீறல் விழாது இல்லையா?

பதில்: மேஜையில் விழாது, கட்டர் பிளேடு மழுங்கிவிடும். அதற்கென்று விற்கும் கட்டிங் மேட் வாங்கிப் போடுங்கள். மேட் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது, வெயில் படும் ஜன்னலோரம் விடக் கூடாது, சுவரில் சாய்த்தும் வைக்கக் கூடாது. வளைந்துபோன மேட்டை நேராக்குவது பெரும்பாடு. கட்டில் மெத்தைக்கு அடியில் படுக்கையாகச் செருகி வையுங்கள்.