புகைக்கு முன் உழவு: காட்டுமுயல் கட்டுப்பாடு பற்றிக் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலம் வைத்திருக்கும் நாங்கள் சிலர், காட்டுமுயல் கட்டுப்பாட்டுக்கான வழிகாட்டிகள், படங்கள், சட்ட விதிகள் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே பட்டியலாகத் தொகுத்து வருகிறோம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தீங்கு செய்யும் விலங்குகளைக் கட்டுப்படுத்துவதற்கான பெஸ்ட்ஸ்மார்ட் தளத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, இன்னொரு பட்டியல் எதற்கு?

அங்கே இருப்பதை நாங்கள் திருப்பி எழுதவில்லை, இணைப்புத்தான் தருகிறோம். ஆனால் காலையில் வேலியோரம் புதுமண் குவிந்திருப்பதைப் பார்ப்பவருக்கு எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரியாது. ஆகவே எங்கள் தலைப்புகள் கண்ணில் படுவதை ஒட்டியே இருக்கின்றன: ‘கொட்டகைக்கு அடியில் வளை’, ‘இளங்கன்றின் பட்டை கடிபட்டிருக்கிறது’, ‘மூடிய வளை மறுபடி திறந்திருக்கிறது’.

முறைகளை அகரவரிசையில் அடுக்கினால் எளிதல்லவா?

நான் முதலில் செய்த தவறே அதுதான். ஆங்கில அகரவரிசையில் புகையூட்டல் (வளைக்குள் நச்சுப் புகை விடுவது) உழவுக்கு (வளையை உழுது தகர்ப்பது) முன்னால் வந்து நின்றது. ஒருவர் அதையே செய்முறை வரிசை என்று எண்ணி, முயல்கள் நிறைந்திருந்த அத்தனை வளைகளுக்கும் ஒவ்வொன்றாகப் புகை போட்டார். பணமும் முதுகும் போயின, முயல் போகவில்லை.

இப்போது வேலை நடக்கும் வரிசையில்தான் அடுக்கியிருக்கிறோம். கோடைக் கடைசியில் புல் காய்ந்து, குட்டி ஈனுவது நின்று, முயல் எண்ணிக்கை குறைந்திருக்கும். அப்போது முதலில் இரை. நஞ்சில்லாத ஓட்ஸையோ கேரட்டையோ மூன்று முறையாவது போட்டுப் பழக்கிய பிறகே நஞ்சு கலந்ததைப் போட வேண்டும். அடுத்தது உழவு. நாய்களை விட்டு, வெளியே திரியும் முயல்களை வளைக்குள் விரட்டிவிட்டு, டிராக்டர் கொழுவை ஆழ இறக்கி, வெளி வாய்களையும் தாண்டிச் சில மீட்டர் உழுது தகர்க்க வேண்டும். வளை நின்றால் பக்கத்து முயல் வந்து குடியேறிவிடும். புகை கடைசியில்தான், டிராக்டர் நுழைய முடியாத இடங்களுக்கும் மறுபடி திறந்த வாய்களுக்கும்.

வைரஸ் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பியபோது, தொற்றிய முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தன. சில ஆண்டுகளில் வைரஸ் வீரியம் குறைந்தது, முயல் எதிர்ப்புச் சக்தி பெற்றது. 1995இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் நடந்த சோதனையிலிருந்து காலிசிவைரஸ் என்ற இன்னொரு முயல்கொல்லி வைரஸ் தப்பிப் பரவியது; 2017இல் அதன் கே5 வகையை அரசே வெளியிட்டது. வைரஸ் நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் வளையைத் தகர்க்காதவர் பழைய இடத்துக்கே திரும்புவார்.

பட்டியலில் இந்தப் பகுதிக்கு மட்டும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வைத்திருக்கிறேன்: குட்டிகள் இருக்கும் பருவத்தில் காலிசிவைரஸை விடாதீர்கள். சின்னஞ்சிறு குட்டிகள் பெரும்பாலும் பிழைத்து, ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தியோடு திரியும். நாமே தடுப்பூசி போட்டு அனுப்பியது போல.

வேறு மாநில நண்பர் தன் நஞ்சிரைக் கலவை அளவை அனுப்பினார். சேர்க்கலாமா?

கூடாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். 1080 என்ற நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. உங்கள் நாய் தின்றாலும் கதை முடிந்தது. இங்கே அதைப் பயன்படுத்த உரிய பயிற்சியும் அனுமதியும் வேண்டும். வீடுகளுக்கு அருகில் பிண்டோன் என்ற நஞ்சைத்தான் நாடுகிறார்கள். அதற்கு வைட்டமின் கே1 முறிமருந்து என்றாலும் அதுவும் நஞ்சுதான். மாநிலம், மண், மாதம், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஆகிய நான்கும் இல்லாத பதிவு எதையும் நான் ஏற்பதில்லை. கலவை அளவுக்கு டப்பாவின் லேபிளே சட்டம்.

முயல் வந்த வரலாறும் வேண்டாமா?

ஒரு வரி போதும்: 1859இல் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக வின்செல்சியா அருகே உள்ள தன் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். மற்றதைப் படிக்க மழைக்காலம் இருக்கிறது.

உங்கள் குழுவின் வரைபடத்தில் எங்கள் நிலத்து வளைகளைக் குறிக்கத் தயக்கமாக இருக்கிறது. நிலத்தின் மதிப்புக் குறையாதா?

உங்கள் தயக்கம் புரிகிறது. எங்கள் வரைபடத்தில் பெயர் வராது, குழுவுக்கு வெளியே அது போகாது. ஆனால் நீங்கள் குறிக்காவிட்டால், பக்கத்து நிலத்துக்காரர் இந்தக் கோடையில் செலவழித்துத் தகர்ப்பதெல்லாம் உங்கள் பக்கமிருந்து மறுபடி நிரம்பும். ராபிட்ஸ்கேன் தளத்திலும் முயலைப் பார்த்த இடத்தையும் சேதத்தையும் பதியலாம்.

வீட்டு முயல் வளர்க்கிறேன். மிக்சோமாவுக்குத் தடுப்பூசி?

ஆஸ்திரேலியாவில் அதற்கு அனுமதி இல்லை. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் அண்டாமல் கூண்டுக்கு வலை போடுங்கள். காலிசிவைரஸ் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் எங்கள் கடலைக்காட்டை முயல் மேய்கிறது. உங்கள் முறைகள் உதவுமா?

உதவாது, செய்யவும் கூடாது. இரண்டையும் நாம் முயல் என்றே சொன்னாலும், உங்கள் ஊர் முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புல்லுக்குள் பதுங்கிப் படுத்திருக்கும். அந்த மண்ணுக்கே உரிய விலங்கு, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு உண்டு. வேலியைக் கீழ்ப்பக்கம் நெருக்கமாகப் போடுங்கள், வனத்துறையிடம் பேசுங்கள். எங்கள் பட்டியலைத் திறக்கவே வேண்டாம்.