ஆக்ஸிதானியில் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய பழைய பள்ளி

தென் பிரான்ஸின் ஆக்ஸிதானி பகுதியில் ஒரு பழைய பள்ளியை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், துலூஸ் நகரின் பியர் த ஃபெர்மா லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். துலூஸிலிருந்து ஒரே நாள்தான் என்றால் சொரேஸ் என்ற ஊருக்குப் போங்கள். அங்கே துறவி மடத்தில் நடந்த பள்ளி 1991இல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் போதும். 1682இல் பெனடிக்ட் துறவிகள் தொடங்கியது, 1776இல் அரச ராணுவப் பள்ளியானது. மாணவர்கள் படுத்த சிறு அறைகளைத் தவறவிடாதீர்கள். கட்டடத்தை விட அவைதான் அந்தப் பள்ளியின் கண்டிப்பைக் காட்டும்.

பியர் த ஃபெர்மா லிசே வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், அது இன்றும் நடக்கிற பள்ளி என்பதாகத்தான் இருக்கும். அங்குள்ள பெர்னுய் மாளிகை, நீலச்சாய வணிகர் ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு இயேசு சபையினரின் கல்லூரியானது. செதுக்கு வேலை நிறைந்த முதல் முற்றம் கம்பெத்தா தெருவை ஒட்டியே இருக்கிறது. பெரிய கதவு திறந்திருந்தால் காவலாளியிடம் அதை மட்டும் பார்க்கக் கேளுங்கள்.

பயணத் தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். செப்டம்பர் மூன்றாம் வார இறுதி பிரான்ஸில் மரபு நாள்கள், அதாவது பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் நாள்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல பள்ளிகள் அப்போது திறக்கும், ஆனால் எல்லாம் அல்ல. அந்த ஆண்டுப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

சொரேஸில் ரயில் நிலையம் இல்லை. ரெவெல் வரை பேருந்து, அங்கிருந்து சில கிலோமீட்டர். ஞாயிறுகளில் பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.