சேஃப்டி கார்தான் ஓட்டுவேன் என்கிற மகனுக்கு என்ன வழி காட்டலாம்?

ப்ளஸ் டூ படிக்கும் மகன், ரேஸில் சேஃப்டி கார் ஓட்டுவதுதான் என் வேலை, இன்ஜினியரிங் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறான். (சேஃப்டி கார் என்பது, பந்தயத்தில் விபத்து நடந்தால் ரேஸ் கார்களுக்கு முன்னால் போய் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கார்.) எந்த கோர்ஸ், எந்தக் கல்லூரி, என்ன சம்பளம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸ் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பட்டம் தருவதில்லை. சான்றிதழ் தருகிறோம், சேர்ந்த கையோடு வேலை என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இது விண்ணப்பம் போட்டுச் சேரும் வேலை இல்லை. பல வருடம் ரேஸ் ஓட்டி, பதற்றமில்லாத ஆள் என்று பந்தய அதிகாரிகளிடம் பெயர் வாங்கியவரைக் கூப்பிட்டு ஒப்படைக்கும் பொறுப்பு. ஃபார்முலா ஒன்னில் ஜெர்மனியின் பெர்ன்ட் மைலாண்டர் 2000-ஆம் ஆண்டு அந்த சீட்டில் உட்கார்ந்தார். கால் நூற்றாண்டாக அவர்தான் முதன்மை ஓட்டுநர். அதற்கு முன்பே 1994-இல் ஜெர்மன் போர்ஷே கரேரா கப் சாம்பியன் ஆனவர், அதே 2000-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணியிலும் ஓட்டியவர். அந்த அளவு அனுபவம் உள்ள ஆள்களுக்கே உலகத்தில் இடம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இந்தியாவில் தேசிய அளவிலான பந்தயங்களில் இது வார இறுதிப் பணி. குடும்பம் நடத்தும் வருமானமாக இதை எண்ண வேண்டாம்.

ஆனாலும் பையனின் ஆசையை அடித்து உட்கார வைக்காதீர்கள். டிவியில் பார்க்கும்போது மெதுவாக ஊர்வலம் போவது போலத் தெரிகிற அந்த வேலை உண்மையில் என்ன என்று அவனுக்குப் புரிய வைத்தாலே பாதி குழப்பம் தீரும்.

பந்தயம் நடக்கும் நேரம் முழுக்க கார் பிட் பாதையின் (டயர் மாற்ற ரேஸ் கார்கள் வந்து போகும் வழி) வெளியேறும் முனையில் தயாராக நிற்கும். ஓட்டுநரும் பக்கத்து சீட்டுக்காரரும் தீப்பிடிக்காத உடுப்பு, ஹெல்மெட், பெல்ட் எல்லாம் மாட்டியபடி காத்திருப்பார்கள். பந்தயத்தை நடத்தும் அதிகாரிகளின் அறையான ரேஸ் கன்ட்ரோலிலிருந்து உத்தரவு வந்ததும், முதலிடத்தில் உள்ள கார் எங்கே இருந்தாலும் சரி, மேலே ஆரஞ்சு விளக்கு எரியக் கிளம்ப வேண்டும். பின்னால் வருவது முதலிடத்துக் கார் இல்லை என்றால் பச்சை விளக்கைப் போட்டு, முன்னே போகவேண்டிய கார்களை அனுப்பிவிட வேண்டும். உள்ளே திரும்பப்போகும் சுற்றில் ஆரஞ்சு விளக்கை அணைப்பார். பந்தயம் மறுபடி தொடங்கப்போகிறது என்று பின்னால் வருபவர்களுக்கு அதுதான் அடையாளம்.

இதில் கஷ்டம் வேகம்தான். ரேஸ் டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். முன்னால் போகிறவர் மெதுவாகப் போனால் டயர் ஆறும், உள்ளே காற்றழுத்தம் குறையும், கார் தரையோடு இறங்கி உரசும், பிரேக்கும் குளிர்ந்துவிடும். அதற்காக விரட்டினாலோ, கொடி காட்டி, டிராக்கைச் சுத்தம் செய்யும் பணியாளர்களான மார்ஷல்கள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு டிராக்கில் நிற்பார்கள். ஆகவே நேரான பாதையில் முழு வேகம், விபத்து நடந்த இடத்தில் அடக்கம், அடுத்த வளைவில் மறுபடி விரட்டல். தெருக்காராகத் தயாரான ஒரு வண்டியை அதன் எல்லைக்குக் கிட்டத்தில் ஓட்டிக்கொண்டே கண்ணாடியையும் கவனித்து, ரேடியோவிலும் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்து சீட்டுக்காரரின் வேலையும் லேசானதல்ல. ஓடும் ஒவ்வொரு காரையும் பார்த்ததும் அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். 1973 கனடா கிராண்ட் ப்ரீயில், ஃபார்முலா ஒன்னில் முதன்முதலாக சேஃப்டி கார் இறங்கியபோது, மஞ்சள் போர்ஷே 914 தவறான காருக்கு முன்னால் போய் நின்றது. பிட் ஸ்டாப்களால் வரிசை ஏற்கெனவே குழம்பியிருந்தது. பந்தயம் முடிந்த பிறகும் ஜெயித்தது யார் என்று தீர்மானிக்க மணிக்கணக்கில் ஆனது. ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, அவரும் ரேஸ் ஓட்டுநர்தான்.

இனி உங்கள் மகன் செய்யக்கூடியது. நல்ல வேளையாக நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே என்று நாட்டின் முக்கியமான பந்தயக் களங்களில் இரண்டு இங்கேதான். முதல் படி ஸ்டீயரிங் அல்ல, கொடி. 18 வயது ஆனதும் கிளப்பில் மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும். பெரும்பாலும் தன்னார்வப் பணிதான். ஆனால் வெயிலில் போஸ்ட்டில் நின்று, எந்தக் கார் எந்த வளைவில் எப்படிச் சறுக்குகிறது, ரேஸ் கன்ட்ரோல் எந்த வார்த்தையில் பேசுகிறது என்று கற்பதை வேறு எந்த வகுப்பும் தராது. அதிகாரிகள் முகம் பழகுவதும் அங்கேதான்.

அடுத்தது கார்ட்டிங், அதாவது சின்ன கோ-கார்ட் வண்டியில் ரேஸ். யார் வேகம் என்பதை விட, பத்து லாப் (சுற்று) நேரத்தையும் நோட்டில் எழுதி, மிக வேகமான லாப்புக்கும் மிக மெதுவான லாப்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அரை வினாடிக்குள் சுருங்கும் வரை பெரிய காருக்குப் பணம் கட்டவேண்டாம். பிறகுதான் பயிற்சிப் பள்ளி, எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) லைசென்ஸ், பந்தயம். ஒரு சீசனுக்குப் பல லட்சம் ஆகும். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ இதில் இறங்காதீர்கள். ஸ்பான்சர் பிடிக்க முடிந்த அளவுக்கு ஓட்டினால் போதும்.

படிப்பை விடக்கூடாது. மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல், டிகிரியோ டிப்ளமோவோ எடுக்கட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளும், ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்னும் வாகனச் சோதனை மையமும் உள்ளன. வண்டிச் சோதனை இன்ஜினியர், டெஸ்ட் டிரைவர், டயர் சோதனை என்று கார் ஓட்டத் தெரிந்த இன்ஜினியருக்கு மாதச் சம்பளம் வரும் வேலைகள் உண்டு. வார நாளில் அந்த வேலை, வார இறுதியில் டிராக். இப்படிப் போகிறவருக்குத்தான் ஒருநாள் மெடிக்கல் காரோ சேஃப்டி காரோ கைக்கு வர வாய்ப்பு. மெடிக்கல் காரையும் குறைவாக நினைக்கவேண்டாம். முதல் சுற்றில் கூட்டத்தின் பின்னாலேயே டாக்டரோடு விரட்டிப் போகிற வண்டி அது. 2020 பஹ்ரைன் பந்தயத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் க்ரோஷான் மோதி எரிந்த காரின் நெருப்பிலிருந்து வெளியே வந்தபோது உதவிக்கு அவர்கள் அங்கே நின்றது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஈசிஆரில் இரவு ரேஸ் விடுகிற நண்பர்களோடு ஒருமுறை போனாலும் போதும், மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் வழக்கு வரும். பொறுமைக்காகவே ஆள் தேடும் இந்த வேலையில் அப்படி ஒரு பதிவு இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இந்த மாதமே செய்யவேண்டியது ஒன்று உண்டு. கண் டாக்டரிடம் நிறக்குருடு பரிசோதனை. கண்ணாடி போடுவது பிரச்சினை இல்லை, ஆனால் கொடியின் நிறம் குழம்பினால் லைசென்ஸ் மருத்துவச் சான்றிலேயே சிக்கல் வரும். பரிசோதனை சரியாக வந்தால், அடுத்த பந்தய வார இறுதிக்கு அவனை இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு நோட்டோடு அனுப்புங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் போகும் எட்டு கார்களின் எண்களை வரிசையாக எழுதிவரட்டும். பத்தாவது சுற்றிலும் தப்பில்லாமல் எழுதியிருந்தால், மார்ஷல் பயிற்சிக்கு எப்போது பெயர் கொடுக்கலாம் என்று அன்றைக்கே கிளப்பில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.